தராசம்மாவும் திரும்பாத பாட்டில்களும்

கோப்பையில் ஐஸ்கிரீம் இன்னும் பாதி இருக்கும்போதே தராசம்மா அதைத் தலைக்கு மேலே தூக்கி, அடிப்பாகத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவார். அங்கே சின்னதாக ஒரு முக்கோணம் இருக்கும், அதற்குள் ஓர் எண். அதைப் படித்தால்தான் கோப்பை எந்த வகைப் பிளாஸ்டிக் என்று தெரியும். தம்பி மகளின் பிறந்தநாள் விருந்தில் அப்படிப் பார்த்தபோது உருகிய ஐஸ்கிரீம் மூக்குக்கண்ணாடியில் சொட்டியது. கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

விருந்து முடிந்து குடும்பமே புகைப்படத்துக்கு நின்றபோது அவரை மட்டும் காணோம். சமையலறை மூலையில் குப்பைக்கூடைக்கு முன்னால் உட்கார்ந்து, காலி ஜூஸ் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, வந்தவங்க எல்லாம் பாக்கறாங்க அண்ணி," என்று தம்பி மனைவி கெஞ்சினாள்.

"பாக்கட்டும்மா. கழுவிட்டுத்தான் எடுத்துட்டுப் போவேன், பயப்படாதே."

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடிருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன மின்தராசைக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரிவதால் வீட்டிலும் வேலையிடத்திலும் அவர் தராசம்மாதான். அந்தக் கைப்பையில் தராசைத் தவிர ஒரு கத்தரிக்கோல், ரப்பர் பேண்டுகள், நான்காக மடித்த சிப்ஸ் உறைகள், யாரோ தின்றுவிட்டுப் போட்ட பிஸ்கட் பாக்கெட்டின் பிளாஸ்டிக் தட்டு என்று சகலமும் கிடக்கும். சீப்பு மட்டும் இருக்காது. பேருந்தில் சில்லறை தேடினால் முதலில் வெளியே வருவது ஒரு தயிர் டப்பாவின் மூடியாகத்தான் இருக்கும்.

அவர் வேலை பார்க்கும் அரசு அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் மற்ற அலுவலகங்களில் வரவேற்பறை இருக்கும். இங்கே ஒரு துணிக்கொடி இருக்கிறது. அதில் பால் பாக்கெட்டும் எண்ணெய் உறையும் ரொட்டிப் பையும் கிளிப் போட்டுக் காய்கின்றன. பல ஊர்களில் தேர்ந்தெடுத்த வீடுகளிலிருந்து, சாப்பாடு சுற்றி வந்த காலி உறைகளெல்லாம் இங்கே வரும். அவற்றைக் கழுவி, காயவைத்து, எடை போட்டு, இவ்வளவு உறையைச் செய்யவும் லாரியில் ஏற்றவும் கடைசியில் குப்பைமேட்டில் கொட்டவும் எவ்வளவு வாயு வானத்துக்குப் போகிறது என்று நாடு முழுமைக்கும் கணக்குப் போடுவார்கள். பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் என்று அறிக்கையில் நீளமாக எழுதியிருக்கும். தராசம்மா எல்லாவற்றையும் சேர்த்துப் புகை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

"சாப்பாட்டுக்கு ஒரு சட்டை போட்டு விக்கறாங்கல்ல? அந்தச் சட்டையைத் தைக்கறதுக்கு மட்டும் எவ்வளவு புகைன்னு பாக்கறதுதான் என் வேலை," என்பார், உறவில் யார் கேட்டாலும்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். "என் வண்டிக்குப் பின்னாடி வர்றதும் புகை. இவ பைக்குள்ள இருக்கறதும் புகையாம். வீட்ல அடுப்பு மட்டும்தான் புகையலை," என்பார். மனைவி ஏதோ ஓர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு மெய்மறந்து நிற்பதால் சாப்பாடு தாமதமாவது அந்த வீட்டில் வழக்கம்.

இவ்வளவுக்கும் அவர் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. சிப்ஸ் என்றால் அவருக்கு உயிர். பாக்கெட்டைக் காலி செய்து, உப்பு ஒட்டிய விரலைச் சப்பிக்கொண்டே உறையை எடை போடுவார். பிளாஸ்டிக் நல்லதா கெட்டதா என்று யாராவது வம்புக்கு இழுத்தால், "நான் எடை போடறவ. வச்சுக்கறதும் தூக்கிப் போடறதும் அவங்கவங்க இஷ்டம்," என்று நழுவிவிடுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பார். புதிதாக வேலைக்குச் சேருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "தெரிஞ்சா தெரியும்னு சொல்லு. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. நடுவுல 'சுமார்'னு ஒண்ணு இருக்கு. அதைச் சொல்றப்போ குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கோ." அவர் எழுதும் அறிக்கைகளில் பக்கத்துக்குப் பக்கம் சுமார் இருக்கும். மேலதிகாரிகள் அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதுண்டு.

சுமார் போடாமல் அவர் எழுதிய கணக்கு ஒன்றே ஒன்றுதான். அது கண்ணாடிப் பால் பாட்டில் பற்றியது.

சில பால் நிறுவனங்கள் பாக்கெட்டோடு பாட்டிலிலும் பால் விற்கத் தொடங்கியிருந்த நேரம். கண்ணாடி சுமை அதிகம், அதை உருக்க நெருப்பும் அதிகம். ஆனால் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் கழுவி மறுபடி நிரப்பலாம். ஒரே பாட்டில் பலமுறை சுற்றி வந்தால் ஒவ்வொரு முறைக்கும் ஆகிற புகை குறைந்துகொண்டே போகும். ஆகவே எல்லாம் பாட்டில் திரும்பி வருகிறதா என்பதில்தான் இருந்தது. தராசம்மா யாரையும் நம்பாமல், பால் டெப்போக்களின் வாசலில் தானே போய் நின்றார். போகிற பெட்டிகளை எண்ணினார், வருகிற பெட்டிகளை எண்ணினார். அநேகமாக எல்லாமே திரும்பின. பாட்டிலில் வரும் பாலுக்கு, பாக்கெட் பாலைப் போலப் பாதிப் புகைதான் என்று கணக்கு வந்தது. தன் கண்ணால் பார்த்ததாயிற்றே என்று சுமாரை எடுத்துவிட்டு எழுதினார்.

அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது அவருடைய மகள். நீச்சல் குளமொன்றில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தருகிறாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவளுக்குக் குரல் நன்றாகத் திறந்துவிட்டது. பள்ளிக்கூட நாட்களில், "எங்கம்மா குப்பை பொறுக்கறாங்கன்னு எல்லாரும் சிரிக்கறாங்க," என்று அழுதவள்தான். இப்போது அவளும் அவள் சிநேகிதர்களும், நகரத்தில் பாலைப் பாட்டிலில்தான் விற்கவேண்டும் என்று கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். 'பாட்டில் பால், பாதிப் புகை' என்று பச்சைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். தான் போட்ட கணக்கு மகளின் நெஞ்சில் நடமாடுவதைப் பார்த்துத் தராசம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தச் சட்டையை மட்டும் தானே துவைத்தார், மற்றவற்றோடு சேர்த்து இயந்திரத்தில் போடவில்லை.

கோரிக்கை நகரசபை வரை போய், பொது விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது.

வேறு வேலையாக ஒரு பால் டெப்போவுக்குப் போயிருந்தார். காலி பாட்டில் பெட்டிகளோடு ஒரு லாரி பின்னால் வந்து நின்றது. சுமை இறக்குபவர் இரண்டு இரண்டு பெட்டிகளாக, ஒற்றைக் கையில் தூக்கிக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெட்டியும் கடகடவென்று ஆடியது. பாட்டில் நிறைந்த பெட்டி அப்படி ஆடாது, ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். அதை ஒற்றைக் கையில் தூக்கவும் முடியாது. தராசம்மா கிட்டே போய் எட்டிப் பார்த்தார். பாட்டில் நிற்கும் குழிகளில் பாதிக்கு மேல் காலி.

"ஏம்ப்பா, மீதி பாட்டில் எங்கே?"

"வந்தாத்தானேம்மா போடறதுக்கு?"

"பெட்டி மட்டும் எப்படி ஒண்ணு விடாம வருது?"

"பெட்டி திரும்பலேன்னா ஏஜெண்டு சரக்கு தரமாட்டார். அதனால பெட்டி வந்துடும். பாட்டிலை யாரு கேட்டா?" அவர் கையைத் தட்டிக்கொண்டார். "ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான். ஜனங்க அழகா இருக்குன்னு வீட்லயே வச்சுக்கறாங்க போல."

ஐஸ்கிரீம் கோப்பையைக்கூடக் கவிழ்த்துப் பார்க்கிறவர், வாசலில் நின்றுகொண்டு பெட்டிகளை வெளியிலிருந்தே எண்ணியிருக்கிறார். பெட்டி வந்தால் பாட்டிலும் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். பாட்டில் திரும்பவில்லை என்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றை உருக்கி ஊற்றவேண்டும். இவ்வளவு பெரிய நாட்டில் அந்தக் கனத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு லாரி இழுக்கவேண்டும். பாதிப் புகை எங்கே போயிற்று? மெல்லிசான அந்தப் பாக்கெட்டையே அது தாண்டிவிடும்.

வீட்டுக்கு வந்து சமையலறை விளக்கைப் போட்டார். ஜன்னலில் ஒரு பால் பாட்டிலில் கொடி வளர்ந்துகொண்டிருந்தது. அலமாரியில் உப்பு, மிளகு, சட்டைப் பொத்தான், துணிக் கிளிப் எல்லாம் பால் பாட்டில்களில்தான் வரிசையாக நின்றன.

"என்னம்மா, பாட்டில்கிட்ட பேசிட்டிருக்கே?" என்றபடி கணவர் செருப்பைக் கழற்றினார்.

"நாமளே திருப்பிக் குடுக்கலையேங்க."

"அழகா இருக்குன்னு நீதானே வரிசையா அடுக்கினே?"

அவர் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, அந்த மனிதர் தானே டீ போட்டுக் கொடுத்தார்.

அடுத்தடுத்த நாட்களில் தராசம்மா முன்பு போய் நின்ற டெப்போ ஒவ்வொன்றுக்கும் திரும்பப் போனார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. லாரியில் ஏறி, பெட்டிக்குள் கையை விட்டுப் பாட்டிலை எண்ணினார். ஓரிடத்தில் கொஞ்சம் கூட, ஓரிடத்தில் கொஞ்சம் குறைய. மொத்தத்தில் ஒரே கதைதான். கணக்கைப் புதிதாகப் போட்டு, பயந்து பயந்து எல்லா இடத்திலும் சுமார் சேர்த்துப் பார்த்தார். அப்படியும் அது பாட்டில் பக்கம் சாயவில்லை.

அவருடைய மேலதிகாரி நல்ல மனிதர்தான். முழுவதும் கேட்டுவிட்டு, "அடுத்த அறிக்கையில முறையா திருத்திடலாம் மேடம். அதுவரைக்கும் வெளிய பேச வேண்டாம். அறிக்கைன்னா அறிக்கையா வரணும், வதந்தியா வரக்கூடாது," என்றார். அடுத்த அறிக்கை வருவதற்குள் விசாரணை முடிந்து, தீர்மானம் நிறைவேறி, ஊரெல்லாம் பாட்டிலாகிவிட்டிருக்கும். தராசம்மா தலையாட்டிவிட்டு வந்தார்.

மகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு மாலை, அவள் ஈரத்தலையும் குளத்து மருந்து வாசனையுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதாகைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார். பெட்டி ஆடியதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். மகளின் தூரிகை நின்றுவிட்டது.

"எத்தனை டெப்போம்மா பார்த்தே?"

"முன்னாடி போன எல்லாத்தையும்."

"இவ்வளவு பெரிய நாட்டுக்கு அது போதுமா?"

"பழைய கணக்கும் அங்கேயேதான் எடுத்தேன் கண்ணு. அப்போ நீ கேக்கலையே."

மகள் தூரிகையைத் தண்ணீரில் போட்டாள். "ஒவ்வொரு வீட்லயும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கம்மா எண்ணினதுன்னு சொன்னேன். வேற யாரோ எண்ணினதுன்னா பாதிப் பேர் கதவையே திறந்திருக்க மாட்டாங்க."

தராசம்மா அந்த இடத்தில் உடைந்துபோனார். இருந்தாலும் வந்ததைச் சொல்லி முடித்தார். "பாட்டில் திரும்பி வந்துச்சுன்னா நீ சொல்றது நிஜம்தான். அப்போ திரும்பி வர்றதுக்கு ஒரு வழி வேணும்னு கேளேன். காலி பாட்டில் குடுத்தாத்தான் அடுத்த பால்னு கேளு."

"அதெல்லாம் சட்டையில எழுத முடியாதும்மா."

"சட்டைக்காகக் கணக்கை மாத்த முடியுமா?"

"உனக்கென்ன, நீ எடை போட்டுட்டுப் போயிடுவே. பாக்கெட் கம்பெனிக்காரங்க முன் வரிசையில உக்காந்து சிரிப்பாங்க. அதை நான்தான் பாக்கணும்." மகள் தூரிகையை எடுத்து மறுபடி தண்ணீரிலேயே போட்டாள். "விசாரணை முடியறவரைக்கும் பேசாம இரும்மா. ஒரே ஒரு நாள். எனக்காக."

தராசம்மா காயாத பதாகையில் கை படாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதன் பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும் நேருக்கு நேர் பேசுவது நின்றுபோயிற்று. "அப்பா, சாவி எங்கேன்னு கேளுங்க." "ஏங்க, ஆணியில மாட்டியிருக்குன்னு சொல்லுங்க." பேருந்துக்காரர் இருவருக்கும் நடுவில் ஓடி ஓடிக் களைத்தார். "என் ரூட்லகூட இவ்வளவு டிரிப் அடிச்சதில்லை," என்று சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

விசாரணையன்று கணவன் மனைவி இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்கள். நகரசபை மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றிய சத்தத்துக்குக் காற்று வரவில்லை. முன் வரிசையில் பாக்கெட் நிறுவனத்தார் பளபளக்கும் காலணிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாட்டில் பச்சைச் சட்டைகள். தராசம்மா கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். அவர் அதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை, கையில் தூக்கி எடை பார்க்கவுமில்லை. அதைக் கவனித்த கணவருக்கு அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது.

மகள் பேசினாள். மிக நன்றாகப் பேசினாள். குப்பைமேட்டைப் பற்றி, வெயிலைப் பற்றி, தன்னிடம் நீச்சல் பழகும் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது இருக்கப்போகும் கோடையைப் பற்றிச் சொன்னாள். பாக்கெட் நிறுவனத்தாரில் ஒருவர்கூடக் கைப்பேசியை எடுக்கவில்லை. எண் வரவேண்டிய இடம் வந்தது. அவள் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.

"பாட்டில் பால், பாதிப் புகை," என்றாள் மகள். "இது அரசாங்கக் கணக்கு."

எங்கம்மா எண்ணினது என்று அவள் சொல்லவில்லை.

பச்சைச் சட்டைகள் எழுந்து நின்று கைதட்டின. விசாரணையை நடத்திய தலைவர் தாள்களை அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "வேற யாராவது பேசணுமா?" என்று கேட்டார்.

தராசம்மாவுக்கு, இதற்குமேல் மகள் வீட்டுக்கு வராமல் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

கணவர் அவர் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா..." என்று தொடங்கியவர், அவர் மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

தலைவருக்குத் தூண் மறைத்தது. "யாரும் இல்லைன்னா முடிச்சுக்கலாம்," என்று பேனாவை மூடினார். ஆனால் மேடையில் நின்றவளுக்குத் தூண் மறைக்கவில்லை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கைதட்டல் ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன் வரிசையில் சிரிக்கக் காத்திருந்தவர்களை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தாள்.

"ஐயா, முடிச்சுடாதீங்க. கடைசி வரிசையில ஒருத்தங்க கையைத் தூக்கியிருக்காங்க." அவள் கையை நீட்டித் தூணைக் காட்டினாள். "அவங்க பேசணும். அவங்கதான் எண்ணினவங்க."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தராசம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் பெட்டியைத்தான் எண்ணினேன். உள்ளே எட்டிப் பார்க்கலை," என்று ஆரம்பித்தார். யாரோ ஓர் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அதை இடது கையால் வாங்கிக்கொண்டு, முதல் வாக்கியத்தைத் திரும்பவும் சொல்லி, அவர் பேசிக்கொண்டே போனார். தூக்கிய வலது கையை இறக்க மறந்துவிட்டிருந்தார்.